ராத்திரி மூன்று மணிக்கு ஏரேற்றர் நின்றால் குளத்துக்குள் இறங்குவது யார்?

பூநகரிப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார் – பூநகரி வீதியில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஒரு இறால் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இறால் குளங்கள்தான் பெரும்பாலும், கடலுக்குள் சின்னதாக ஒரு கடலட்டை அடைப்பும் இருக்கிறது. முதலாளி கொழும்பில். இறால் வாங்கப்போகிற கொம்பனி 'வேலையிடப் பாதுகாப்புத் திட்டம்' ஒன்று எழுத்தில் வேண்டும் என்று கேட்டதாம், உடனே எனக்குப் போன் அடித்து, பத்துப் பக்கத்தில் ஒன்று எழுதி அனுப்பு தம்பி என்று சொல்லிவிட்டார். இணையத்தில் கிடப்பதைப் பார்த்தால் முழுக்கத் தலைக்கவசம், தீயணைக்கும் சிலிண்டர், அவசர வாசல். எங்களுக்கு வாசலே இல்லை, சுற்றிவரக் குளக்கட்டும் கண்டல் பற்றையும்தான். வேலை செய்பவர்களில் பாதிப்பேர் நாட்கூலி, இறால் பிடிக்கிற நாட்களில் பெண்கள் கூடுதலாக வருவார்கள். உண்மையில் எதை முதலில் எழுத வேண்டும்? 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு போர்ட் ஏற்கெனவே அடித்துத் தொங்கவிட்டாயிற்று, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

குளக்கட்டு:

போர்ட்டைப் பார்த்துக் கரண்ட் பயப்படாது தம்பி. ஒன்று கேட்கிறேன், அதற்குப் பதில் சொன்னால் உங்கள் திட்டத்தில் பாதி முடிந்தது. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு ஏரேற்றர், அதுதான் துடுப்புச் சுற்றித் தண்ணீருக்கு ஒட்சிசன் ஏற்றுகிற மோட்டர், நின்றுவிட்டால் குளத்துக்குள் இறங்குவது யார்?

பகலில் தண்ணீரில் இருக்கும் பாசி ஒட்சிசனைக் கொடுக்கும். பொழுதுபட்டதும் அதே பாசி, இறால், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து அதை இழுக்கத் தொடங்கும், விடியப்புறம் நாலு ஐந்து மணிக்குத்தான் மட்டம் ஆகக் கீழே கிடக்கும். லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கப் பாடுபடுகிறோம், 2க்குக் கீழே இறங்கினால் இறால் கரையோரம் மேலே வந்து மிதக்கும். நெருக்கமாக விட்ட குளம் என்றால் அதற்குப் பிறகு கனநேரம் கிடைக்காது. இது காவலுக்கு நிற்கிறவனுக்கும் தெரியும், குளம் போனால் முதலாளி யாரைப் பிடிப்பார் என்பதும் தெரியும். அவன் அந்தரப்பட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரோச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவான். மெயினை நிற்பாட்டினால் ஓடுகிற மற்ற ஏரேற்றர்களும் நிற்கும், ஆகவே அதை நிற்பாட்டவும் மாட்டான். ஆள் போவது அந்த இடத்தில்தான். தலைக்கவசம் போட்டு இறங்கினாலும் போவான்.

பத்துப் பக்கத்தில் ஒன்பது பக்கம் இதற்கே எழுதலாம்.

பூநகரிப் பெடியன்:

அண்ணை, உண்மையைச் சொன்னால் எங்கள் பண்ணையில் அந்த நேரத்தில் இருப்பது ஒரே ஒரு ஐயா. அறுபது வயதுக்கு மேல். அவர்தான் இறங்குவார், இறங்கியும் இருக்கிறார்.

மூன்று பேஸ்:

நான் வயரிங் வேலை செய்கிறவன். கிளிநொச்சி, மன்னார் பக்கம் இறால், மீன்குஞ்சுப் பண்ணைகள் பலதில் வேலை எடுத்துச் செய்திருக்கிறேன், குளக்கட்டு அண்ணை சொன்னதில் ஒரு சொல் மிகை இல்லை. நான் பார்க்கிற கோலங்களைச் சொல்கிறேன். வீட்டுக்கு இழுக்கிற இரட்டை வயரைத் தடியில் கட்டிக் குளத்துக்கு மேலால் கொண்டுபோயிருப்பார்கள், இடையில் மூட்டு, மூட்டைச் சுற்றிக் கறுத்த ரேப், அதற்கு மேல் ஒரு சொப்பிங் பை. உப்புக் காற்றுக்கு அந்த ரேப் ஒரு சோளகம் தாங்காது. அடுத்தது, லைனைத் தானாக வெட்டுகிற ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுத்திருப்பார்கள். ரிப் விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம், ஒழுக்கைத் தேடாமல் காவல்காரனை வேலையால் நிற்பாட்டின மாதிரி இருக்கிறது இது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனி லைன், தனித்தனியாக 30 மில்லியம்பியர் ரிப் சுவிச், மூன்று பேஸ் மோட்டர் என்றால் நாலு முனை உள்ளது. அப்படிப் பிரித்துவிட்டால் ஒரு குளத்தை நிற்பாட்ட மற்றக் குளங்களை நிற்பாட்டத் தேவையில்லை, ஐயா பயப்படாமல் சுவிச்சைப் போடுவார். குளக்கட்டிலேயே, கை எட்டுகிற உயரத்தில், ஒவ்வொரு ஏரேற்றருக்கும் ஒரு ஐசலேற்றர் (கரண்டை முழுதாக வெட்டுகிற சுவிச்), அதில் பூட்டுப் போடுகிற ஓட்டை இருக்க வேண்டும். தண்ணீருக்குக் கிட்டப் போகிறவன் நிற்பாட்டிப் பூட்டிவிட்டுத் திறப்பைத் தன்னுடைய பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு போக வேண்டும். திறப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒபிசில் இன்னொன்று வைத்தால் 'ஏன் மோட்டர் ஓடவில்லை' என்று யாராவது வந்து போட்டுவிடுவான். ரிப் சுவிச்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருதரம் அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்ரிக் பெட்டி.

இன்னொன்று. தண்ணீருக்குள் கரண்ட் பிடித்தால் எல்லாரும் நினைப்பது போல் ஆள் தூக்கி எறியப்படுவதில்லை. தசை இறுகிக் கை கால் அசைக்க முடியாமல் அப்படியே தாழ்ந்துபோவான். கரையில் நிற்கிறவன் 'நீந்தத் தெரியாமல் தாழ்கிறான்' என்று நினைத்துப் பாய்வான், அவனும் போவான். முதலில் மெயின், பிறகுதான் தண்ணீர். இந்தப் பழக்கத்தை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி ஏற்ற வேண்டும்.

பெரிய பரந்தன்:

எல்லாம் நல்லாத்தான் எழுதுகிறீர்கள். நானும் பண்ணை வைத்திருக்கிறேன், சின்னது. தீன் விலை, டீசல் விலை, கரண்ட் பில் எல்லாம் கட்டி, குஞ்சு வாங்கி, நோய் வராமல் தப்பி, கடைசியில் வாங்குகிறவன் விலையைக் குறைத்து, மிஞ்சுவது எவ்வளவு என்று யாராவது கேட்டீர்களா? ஒரு குளம் செத்தால் இலட்சக் கணக்கில் போகும். குளத்துக்குள் இறங்காதே என்று எழுதி ஒட்டிவிட்டு, விடிய வந்து செத்த இறாலை அள்ளுவதா? இரண்டு காவல்காரர் போடுங்கள் என்று அடுத்ததாகச் சொல்வீர்கள். சம்பளம் யார் கொடுப்பது? தவிர எங்கள் ஆட்கள் சின்ன வயதிலேயே குளம், கடல் என்று வளர்ந்தவர்கள், அவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

குளக்கட்டு:

சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்பது நியாயம், அதற்கு வருகிறேன். ஆனால் தண்ணீரில் வளர்ந்தவன் என்பது கரண்டுக்குத் தெரியாது, அந்தக் கதையை விடுங்கள்.

இறங்காமல் ஏரேற்றரைத் திருத்துவதற்கு வழி இருக்கிறது, காசும் பெரிதாகப் போகாது. ஏரேற்றரைக் குளத்து நடுவில் தடி அறைந்து இறுக்கிக் கட்டுவதால்தான் இறங்க வேண்டி வருகிறது. அதற்குப் பதில் இரண்டு பக்கக் கட்டுக்கும் நைலோன் கயிறு விட்டு, ஒரு பக்கத்தைத் தளர்த்தி மற்றப் பக்கம் இழுத்தால் ஏரேற்றர் மிதந்தபடியே கரைக்கு வரும் மாதிரிக் கட்டுங்கள். வயரையும் அந்த நீளத்துக்கு மிச்சம் விட வேண்டும். கரைக்கு இழுத்து, கட்டில் நின்றபடி துடுப்பில் சுற்றிய பாசியையோ பிளாஸ்ரிக்கையோ எடுக்கலாம். ராத்திரியில் மோட்டர் எரிந்துபோனால் அதைத் திருத்தவே நினைக்காதீர்கள், உதிரி ஒன்றைக் கட்டில் வைத்திருந்து இறக்கிவிடுங்கள்.

அதுவும் இல்லையா, டீசல் பம்பைக் கட்டில் வைத்துக் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி அதே குளத்துக்கு மேலால் விசிற விடுங்கள். ஒட்சிசன் மாத்திரை, தூள் விற்கிறார்கள், கரையில் நின்றே வீசலாம், ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும், டீசலுக்குக் கிட்ட வைக்கக் கூடாது. வெக்கையான, காற்று விழுந்த, மப்பும் மந்தாரமுமான நாளில் பின்னேரத் தீனைக் குறையுங்கள், அந்த ராத்திரி எப்படியும் கஷ்டமான ராத்திரிதான். இதெல்லாம் ஆளையும் காப்பாற்றும், இறாலையும் காப்பாற்றும்.

பெரிய பரந்தன்:

கயிறு விஷயம் சரி. அது செய்யலாம்.

வடகடல்:

நான் இருப்பது வடநோர்வே, சால்மன் பண்ணையில் வேலை. எங்கள் சொந்தங்கள் பலர் இங்கே முதலில் மீன் வெட்டும் தொழிற்சாலைகளுக்குத்தான் வந்தார்கள், பிறகு கொஞ்சப் பேர் பண்ணைப் பக்கம் மாறினோம். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. இங்கும் மீன்பிடிக்கு அடுத்தபடியாக ஆபத்தான தொழில் என்றுதான் மீன் பண்ணையைச் சொல்கிறார்கள். கிரேன், இறுகிய கயிறு, படகுக்கும் கூட்டுக்கும் நடுவில் நசிவது, தண்ணீரில் விழுந்தால் குளிர். உங்கள் குளத்தில் குளிர் இல்லை, மற்றது எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குப் பயன்படும். இங்கே 2005ஆம் ஆண்டின் வேலைச்சூழல் சட்டப்படி, தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தெரிவு செய்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர் நினைத்தால், மனேஜரால் உடனே அதைச் சரிசெய்ய முடியாவிட்டால், வேலையை நிற்பாட்ட அவருக்கு அதிகாரம் உண்டு. அப்படி நிற்பாட்டியதால் கொம்பனிக்கு வரும் நட்டத்துக்கு அவர் பொறுப்பில்லை என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் தளத்தில் அந்த வேலையைப் பார்ப்பது ஒரு பெண், பொஸைவிட ஆட்கள் அவளுக்குத்தான் பயம். காற்று கூடினால் படகைக் கட்டச் சொல்லுவாள், கட்டுவோம்.

ஆகவே பூநகரித் தம்பி, திட்டத்தில் ஐயாவின் பெயரைப் போட்டு, 'இவர் நிற்பாட்டினால் நிற்பாட்டினதுதான், குளம் செத்தாலும் சம்பளத்தில் ஒரு சதம் வெட்டுவதில்லை' என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மூன்று பேஸ் சொன்ன பூட்டைக்கூட யாரும் பூட்டமாட்டார்கள்.

பெரிய பரந்தன்:

அப்படி எழுதிக் கொடுத்தால் காவல்காரன் நித்திரை கொண்டு குளத்தைச் சாகவிட்டாலும் நான் ஒன்றும் கேட்க ஏலாதே?

வடகடல்:

நித்திரை கொண்டதைக் கேளுங்கள் அண்ணை, இறங்காததைக் கேட்காதீர்கள். இரண்டும் வேறு வேறு.

கிராஞ்சிக் கரை:

ஆண்கள் எல்லாரும் மோட்டருக்குள் நிற்கிறீர்கள். நான் இறால் பிடிப்புக்கும் சுண்ணாம்பு போடவும் போகிறவள், கொஞ்ச நாள் கடலட்டைப் பண்ணையிலும் நின்றிருக்கிறேன். எங்களுக்கு நடப்பதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

குளம் காய்ந்ததும் சுண்ணாம்பு போடுவது பெண்கள்தான். சுட்ட சுண்ணாம்பைப் பேசினில் அள்ளி, வெறுங்காலோடு, காற்று எந்தப் பக்கம் என்றும் பார்க்காமல் வீசச் சொல்கிறார்கள். அது வியர்வையில் பட்டாலே வெந்துபோகும், கண்ணுக்குள் போனால் பார்வையே போகலாம். நான் நின்ற ஒரு இடத்தில் கண்ணுக்குள் போனதற்கு ஒரு கப் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கொஞ்சம் இருந்துவிட்டு வா என்றார்கள். குறைந்தது இருபது நிமிஷம் ஓடுகிற நல்ல தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உப்புக் குளத்துப் பண்ணையில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? ஒரு தாங்கி அதற்கென்றே வேண்டும். சும்மா புளிப்பைக் குறைக்கத்தான் போடுகிறீர்கள் என்றால் டொலமைற் (சுடாத கல்லுத் தூள்) போதும், ஏன் சுட்ட சுண்ணாம்பு? மலிவு என்பதற்காகவா?

அப்புறம் கக்கூஸ். இறால் பிடிப்பு ராத்திரியில் தொடங்கி விடியும் மட்டும் போகும். சுற்றிவர ஆண்கள், லொறி, லைற். போக இடமில்லை என்று நாங்கள் பின்னேரத்தில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அடுத்த நாள் வெயிலில் தலை சுற்றி விழுகிறவளைப் பார்த்து 'சாப்பிடாமல் வந்திருப்பாள்' என்கிறார்கள். வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று வவுனியாப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கக்கூஸ், ஒரு வாளி, சவர்க்காரம். தலைக்கவசத்தைவிட மலிவு. விடியப்புறம் வேலை முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு வாகனமும். ஏ32 வீதியில் அந்த நேரத்தில் யார் நிற்பார்கள், சொல்லுங்கள்.

பூநகரிப் பெடியன்:

அக்கா, கக்கூஸ் எங்களிடமும் இல்லை. ஒபிஸில் ஒன்று இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது, திறப்பு கிளாக்கரிடம். நாளைக்கே கேட்கிறேன்.

மருந்துப்பெட்டி:

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், எங்கே என்று வேண்டாம். வார்டில் பார்க்கிறதை வைத்து எழுதுகிறேன்.

எலிக்காய்ச்சல். வயலில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம், எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு எங்கிருந்தாலும் வரும், தீன் மூட்டை அடுக்கிய கொட்டிலில் எலிக்குக் குறைவில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவியபோது முதலில் 'என்ன காய்ச்சலோ' என்றுதான் ஊர் முழுக்கக் கதைத்தது. காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் பரசிற்றமோலைப் போட்டுவிட்டு வீட்டில் கிடக்காமல் வாருங்கள், வந்ததும் 'மீன் பண்ணையில் வேலை' என்று சொல்லுங்கள், அந்த ஒரு வசனம் டொக்டருக்குப் பெரிய உதவி. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுக்கிற டொக்சிசைக்கிளின் மருந்து உண்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது, ஆகவே கடையில் வாங்கி எல்லாருக்கும் பங்கிடாதீர்கள்.

முள் குத்து. சுங்கான், கெளுத்தி, திருக்கை எது குத்தினாலும், தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் குத்துப்பட்ட காலையோ கையையோ வைத்தால் நோவு இறங்கும். நோவில் சூடு தெரியாது, ஆகவே வேறு ஒருவர் கைவைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். முள் உடைந்து உள்ளே இருந்தால் தோண்டாதீர்கள். ஏற்பு ஊசி எல்லாருக்கும் போட்டிருக்கிறதா என்று ஒரு கொப்பியில் பதிந்து வையுங்கள்.

இதில் நான் அதிகம் பயப்படுவது உப்புத் தண்ணீரில் பட்ட சின்னக் காயம். சீனி வருத்தக்காரர், ஈரல் பழுதான குடிகாரர் இவர்களுக்கு ஒரு கீறலுக்குள்ளால் கிருமி போய், காலையில் சிவந்திருந்த கால் இரவுக்குள் கொப்புளித்துக் கறுத்துவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இப்படியான வருத்தம் உள்ளவர் யார் என்று மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேலையால் நிற்பாட்ட அல்ல, கட்டில் நிற்கிற வேலையைக் கொடுக்க.

தாழ்ந்தவரைத் தூக்கினால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். அதில் போகிற நிமிஷங்கள்தான் உயிர். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு நெஞ்சில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, அம்புலன்ஸ் வரும்வரை. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் உங்கள் பண்ணைக்கு விலாசம் கிடையாதே. எந்தக் கிலோமீற்றர்க் கட்டை, எந்தக் கோயிலுக்குப் பிறகு எந்தக் கிரவல் ஒழுங்கை என்று போனுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள், ஒரு ஆளை மோட்டார் சைக்கிளில் வீதிக்கு அனுப்புங்கள்.

நந்திக்கடல்:

முல்லைத்தீவுப் பக்கம் நான். எங்களுடையது குளத்து மீன், நெக்டா (அரசாங்கத்தின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) குஞ்சு விடுகிற சங்கம். கரண்ட் கதை எங்களுக்கு இல்லை, ஆனால் முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மாதிரிக் குளங்களில் வலை வைக்கிறவர்களுக்கு முதலை ஒரு உண்மை. தண்ணீர் வழிகிற கலிங்குப் பக்கம், திறந்து விடுகிற துருசுப் பக்கம் மாரி காலத்தில் ஆள் இறங்கக் கூடாது என்பதும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுத் தண்ணீர் என்ன செய்தது என்று கிளிநொச்சியில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு ஆள் தனியத் தோணி எடுக்கக் கூடாது, மிதப்புச் சட்டை போடாவிட்டால் தோணி இல்லை. முதலில் சிரித்தார்கள், வெக்கை என்றார்கள், இப்போது போடுகிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இங்கே யாரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. புதிதாகக் குளம் வெட்டுகிறவர்கள் கவனம். எங்கள் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியும்தானே. மிதிவெடி எடுத்து முடித்த காணி என்று கடதாசி இருந்தாலும் ஜேசிபி அள்ளுகிற ஆழம் வேறு, அவர்கள் பார்த்த ஆழம் வேறாக இருக்கலாம். வெட்டத் தொடங்குவதற்கு முதல் பிரதேச செயலகத்திலும் மிதிவெடி அகற்றும் பகுதியிலும் அந்தக் காணியின் விபரத்தைக் கேட்டு எழுத்தில் எடுங்கள். துருப்பிடித்த இரும்பு எது வந்தாலும் மெஷினை நிற்பாட்டி, ஆட்களை வந்த வழியாலேயே பின்னால் எடுத்து, பொலிஸின் 119க்கு அடியுங்கள். பழைய இரும்புக்குக் காசு வரும் என்று தூக்கிப் பார்க்கிறவன் இன்றைக்கும் இருக்கிறான். வெள்ளத்துக்குப் பிறகு கட்டு அரித்த இடங்களிலும் இதே கவனம் வேண்டும்.

பூநகரிப் பெடியன்:

நாங்கள் அடுத்த வருஷம் இரண்டு குளம் வெட்டப்போகிறோம். நல்லவேளை சொன்னீர்கள் அண்ணை.

கிராஞ்சிக் கரை:

கடலட்டை அடைப்புக் காவல் கொட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் கம்பு நட்டு உயர்த்திக் கட்டின கொட்டில், சுற்றிவர அதைவிட உயரமானது ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மழை வந்தால் அதில் இருப்பதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. கள்ளன் வருவான் என்று பெடியங்களை அதற்குள் இருத்துகிறார்கள். இடி கேட்டதும் கரைக்கு வர வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் போகத்தான் திரும்பிப் போக வேண்டும். அட்டை களவு போனால் போகட்டும். தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து அரைத்து நடந்தால் திருக்கை தானாக விலகும், இது எங்கள் அம்மா காலத்துப் பாடம்.

கச்சேரிக் கதிரை:

சட்டப் பக்கம் யாரும் எழுதவில்லை என்பதால் கொஞ்சம். சில முதலாளிமார் 'நாட்கூலிக்கு நட்டஈடு கிடையாது' என்று சொல்லிப் பேய்க்காட்டுகிறார்கள். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டில் இருந்து இருக்கிறது. பண்ணையின் தொழிலுக்காக வேலைக்கு எடுத்த ஆள் நாட்கூலி என்பதற்காக மட்டும் வெளியே போகமாட்டார். 2022இல் செய்த திருத்தத்தோடு வேலைக்குப் போகிற, வேலையால் வருகிற வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வருகிறது. விடியப்புறம் யானை நிற்கிற றோட்டால் சைக்கிளில் வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஆனால் கேட்கிற இடத்தில் காட்ட ஏதாவது வேண்டும். வரவுக் கொப்பியில் பெயர், சம்பளம் கொடுத்த துண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த காட், பெரிய விபத்து என்றால் பொலிஸ் பதிவு. ஆஸ்பத்திரியில் 'வீட்டில் விழுந்தது' என்று சொல்லச் சொல்லி முதலாளி கேட்பார், சொல்லாதீர்கள், பிறகு மாற்ற ஏலாது. முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், முதலாளி இன்னும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் கட்ட வேண்டும், நாட்கூலிக்கும் சேர்த்துத்தான். நம்பிக்கை நிதியத்தில் ஆள் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ குடும்பத்துக்குக் காப்புறுதிக் காசு இருக்கிறது, கட்டாத இடத்தில் அதுவும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆபத்தான வேலைக்கு எடுக்கவே கூடாது. ராத்திரிக் காவலுக்குப் பள்ளிக்கூடப் பெடியனைப் பிடித்து விடுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் மெஷினையும் கட்டடத்தையும் மனதில் வைத்து எழுதினது, குளக்கட்டில் நிற்கிறவனுக்கு அதை இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று இருக்காமல் வடகடல் சொன்ன அந்தக் கையெழுத்தை வாங்குங்கள்.

பெரிய பரந்தன்:

எல்லா முதலாளியையும் ஒரே கோட்டில் நிற்பாட்டாதீர்கள். நான் கட்டுகிறேன்.

கச்சேரிக் கதிரை:

கட்டுகிறவர்களுக்கு நான் எழுதவில்லை அண்ணை.

பூநகரிப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. முதலாளியோடு கதைத்தேன். பத்துப் பக்கம் இல்லை, மூன்று பக்கம்தான் எழுதினேன். கக்கூஸ் திறந்தாயிற்று, கிளாக்கருக்குக் கோபம். கயிறு கட்டி ஏரேற்றரை இழுக்கிற முறைக்கு உடனே ஓம் என்றார், உதிரி ஏரேற்றர் ஒன்றுக்கும் ஓம். சுட்ட சுண்ணாம்புக்குப் பதில் டொலமைற், சரி. தனித்தனி லைன் இழுக்கிறதற்கு விலை கேட்கச் சொன்னார். இரண்டாவது காவல்காரனுக்கு மட்டும் இல்லை என்றுவிட்டார். பக்கத்துப் பண்ணைக்காரரும் நாங்களும் சேர்ந்து, இரண்டு பண்ணைக் காவல்காரரும் ஒருவருக்கொருவர் மணித்தியாலத்துக்கு ஒருமுறை போன் அடிக்கிற மாதிரி ஒழுங்கு செய்யப் பார்க்கிறேன். அடிக்காவிட்டால் மற்றவர் வந்து பார்க்க வேண்டும்.

சம்பளம் வெட்டமாட்டேன் என்ற வரியில்தான் இழுபறி. 'வாயால் சொன்னால் போதாதா' என்கிறார். எழுத்தில் இல்லாவிட்டால் நான் மற்ற மூன்று பக்கத்தையும் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், வாங்குகிற கொம்பனி கேட்கிற திகதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. பார்ப்போம்.

மூன்று பேஸ் அண்ணை, ஒரு கேள்வி. எங்கள் ஏர்த் கம்பி உப்பு மண்ணில் அரித்து மெல்லிசாகிவிட்டது. அதையே வைத்துக்கொண்டு ரிப் சுவிச் போட்டால் வேலை செய்யுமா?

மூன்று பேஸ்:

ரிப் சுவிச் வேலை செய்யும், ஏனென்றால் அது போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுத்தான் விழுகிறது. ஆனால் ஏர்த் நல்லதாக இருந்தால் ஒழுக்குத் தொடங்கியதுமே விழும், ஏர்த் இல்லாவிட்டால் ஒருவன் தொட்டு அவனுக்குள்ளால் கரண்ட் போன பிறகுதான் விழும். ஆகவே மாற்றுங்கள். வெறும் இரும்புக் கம்பி வேண்டாம், செம்பு பூசின கம்பி போடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக, கொஞ்சம் தள்ளித் தள்ளி. கிளாம்ப் பிடிக்கிற இடம்தான் முதலில் அரிக்கும், அதை மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விட்டு கிறீஸ் பூசி வையுங்கள். முடித்த பிறகு மீற்றர் வைத்து அளந்து இலக்கத்தைச் சுவரில் எழுதுங்கள், அடுத்த மாரி முடிய ஒருக்கால் அளந்து பாருங்கள். விலைக்கு ஆள் தேவை என்றால் தனிமடலில் வாங்க.